கார் பூட் சேலில் பழைய புகைப்படங்களும் பழம்பொருள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனின் கார் பூட் சேல்களில் பழைய பொருள்களை, முக்கியமாகப் பழைய புகைப்படங்களை, தேடத் தொடங்குவோருக்காக இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. விலையைப் பற்றிய கேள்விகளே அதிகம் வருகின்றன; அவற்றுக்கும் பதில் உண்டு. ஆனால் ஒரு புகைப்படம் எந்த ஆல்பத்தில், எந்தப் பெட்டியில், எந்தப் படங்களோடு இருந்தது என்ற செய்தி தொலைந்துவிட்டால், அதில் இருப்பவர் யார் என்பதை மீட்க முடியாமலே போய்விடும். அந்தச் செய்தியைக் காப்பாற்றக்கூடிய கடைசி ஆள் பெரும்பாலும் அதை வாங்குபவர்தான் என்பதால், அதைப் பற்றியே இங்கே கூடுதலாகப் பேசியிருக்கிறேன்.

கார் பூட் சேல் என்பது என்ன? எங்கே, எப்போது நடக்கிறது?

வீட்டில் வேண்டாமென்று ஒதுக்கியவற்றைக் காரில் ஏற்றிவந்து, இடத்துக்கான கட்டணத்தைச் செலுத்தி, டிக்கியைத் திறந்துவைத்து, மடக்கு மேசையிலோ தரையில் விரித்த தார்ப்பாயிலோ பரப்பி விற்கும் சந்தை இது. 1970களில் ஸ்டாக்போர்ட்டைச் சேர்ந்த ஹாரி கிளார்க் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் நிதி திரட்டுவதற்காக இதைத் தொடங்கிவைத்தார் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. வயல்வெளிகளில் நடப்பவை ஈஸ்டரை ஒட்டித் தொடங்கி, மழையில் நிலம் சேறாகும் அக்டோபர் வாக்கில் நின்றுவிடும். தார் போட்ட பள்ளி வளாகங்களில் நடப்பவை குளிர்காலத்திலும் தொடரும். மேற்கு லண்டனில் சிஸ்விக் பள்ளி வளாகத்தில், ஜனவரி நீங்கலாக ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தை அப்படிப்பட்டது.

கெம்ப்டன் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் மாதம் இருமுறை செவ்வாய்க்கிழமைகளில் கூடும் சந்தையை இதனோடு சேர்த்து எண்ண வேண்டாம். அங்கே விற்பவர்கள் பழம்பொருள் வியாபாரிகள். தாங்கள் விற்பது என்ன என்பதை நன்கு அறிந்தவர்கள். கார் பூட் சேலில் விற்பவருக்குப் பெரும்பாலும் அது தெரியாது, தெரிந்துகொள்ளும் அக்கறையும் இருக்காது. நமக்கு வாய்ப்பும் அதில்தான், பொறுப்பும் அதில்தான்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

வெள்ளி, கைக்கடிகாரம், நகை, பழைய விளையாட்டுப் பொருள் ஆகியவற்றைத் தேடுபவர் விடிவதற்கு முன்பே போக வேண்டும். வியாபாரிகள் கூடுதல் நுழைவுக் கட்டணம் செலுத்தி, கையில் டார்ச்சுடன் முதலில் நுழைந்து, கார்கள் நிற்பதற்குள்ளேயே அவற்றைச் சூழ்ந்துகொள்வார்கள். புகைப்படம் தேடுபவருக்கு அந்த அவசரம் அவ்வளவாகத் தேவையில்லை. காலையில் ஒரு சுற்றும், சந்தை கலைவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக இன்னொரு சுற்றும் வருவதே சிறந்தது என்பது என் கருத்து. காலையில் ஒவ்வொரு படத்துக்கும் தனி விலை சொன்னவர், திரும்ப ஏற்றிக்கொண்டு போக மனமில்லாத நேரத்தில் பெட்டியோடு கொடுத்துவிடுவார். அதோடு, விற்காமல் மீந்த படங்களில் ஒரு பகுதி அன்று மாலையே குப்பைக்குப் போய்விடுகிறது என்பதால், அந்த இரண்டாவது சுற்று விலைக்காக மட்டும் செய்வதும் அல்ல.

கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

சில்லறைக் காசும் ஐந்து, பத்து பவுண்டுத் தாள்களும். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி. ஒரு சிறு காந்தம். படங்கள் மடங்காமல் வைக்க இரண்டு கெட்டி அட்டைகள். ஒரு பென்சில், ஒரு குறிப்பேடு. இவற்றில் பலரும் மறப்பது குறிப்பேட்டைத்தான்.

புகைப்படங்கள் எங்கே ஒளிந்திருக்கும்?

மேசைமேல் பரப்பிவைத்திருப்பது அரிது. காலணிப் பெட்டி, பிஸ்கட் தகரம், கேமராப் பை, குடும்ப பைபிளின் பக்கங்கள், தையல் பெட்டியின் அடித்தட்டு ஆகிய இடங்களில் கிடக்கும். சட்டமிட்ட படங்களின் பின்னட்டையைக் கழற்றிப் பார்த்தால், புதிய படத்துக்குப் பின்னால் பழைய படம் அப்படியே விடப்பட்டிருப்பதைச் சில சமயம் காணலாம். ஆனால் பணம் கொடுத்து வாங்கிய பிறகே கழற்ற வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பயன் தருவது, வாய்திறந்து கேட்பது. முன்பின் தெரியாதவர்களின் படங்களை யார் வாங்கப் போகிறார்கள் என்ற எண்ணத்தில் பலர் அவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். “பழைய படங்கள், கடிதங்கள் ஏதேனும் உண்டா, அடுத்த வாரம் கொண்டுவர முடியுமா” என்று மரியாதையோடு கேட்டுவைத்தால், இறந்தவர்களின் வீடுகளைக் காலிசெய்து கொடுக்கும் தொழில் செய்பவர்கள் நினைவில் வைத்துக்கொண்டு கொண்டுவருவார்கள்.

ஒரு குடும்பத்தின் படங்களை அந்நியர் வாங்குவது சரியா?

இந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் படங்கள் சந்தைக்கு வருவதற்குக் காரணம் பெரும்பாலும் குடும்பத்தின் அலட்சியம் அல்ல. பிள்ளைகள் இல்லாமல் இறந்தவர்கள், முதியோர் இல்லத்துக்குப் போனவர்கள், வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள் ஆகியோரின் வீட்டுப் பொருள்கள் மொத்தமாக ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. அவர் மேசை நாற்காலிகளை விற்றுவிட்டு, மிச்சத்தைச் சந்தைக்குக் கொண்டுவருகிறார். அந்த நிலையில் வாங்கிப் பாதுகாப்பது தவறல்ல என்றே நம்புகிறேன். உயிரோடு இருக்கக்கூடியவர்களின், குறிப்பாகக் குழந்தைகளின், அண்மைக்காலப் படங்களை இணையத்தில் போடுவதுதான் தவறு.

எந்தப் படம் எந்த வகை என்று எப்படி அறிவது?

முதலில், படம் எதன்மேல் இருக்கிறது என்று பாருங்கள். சிறு பெட்டி போன்ற உறைக்குள், கண்ணாடிபோல் பளபளக்கும் தகட்டில், சாய்த்துப் பார்க்கும் கோணத்துக்கேற்ப நேர்ப்படமாகவும் எதிர்ப்படமாகவும் மாறித் தெரிந்தால் அது டகேரோடைப். 1839ல் பாரிஸில் அறிவிக்கப்பட்ட இந்த முறையில் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் படம் பதிவாகிறது. அதன் மேற்பரப்பை விரலால் ஒருமுறை துடைத்தாலே படம் அழிந்துவிடும் என்பதால் எக்காரணம் கொண்டும் கண்ணாடியை நீக்கக் கூடாது. அதே போன்ற உறைக்குள், கண்ணாடித் தகட்டில் கறுப்புப் பின்னணியோடு இருப்பது ஆம்ப்ரோடைப்; பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851ல் வெளியிட்ட, கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைக் கண்ணாடியில் பூசும் முறையிலிருந்து பிறந்தது. மெல்லிய இரும்புத் தகட்டில் இருந்து, காந்தம் ஒட்டினால் அது டின்டைப். பிரிட்டனில் இதைக் கடற்கரைகளிலும் திருவிழாக்களிலும் தெருப் புகைப்படக்காரர்கள் மலிவாக எடுத்துக் கொடுத்தார்கள்.

சந்தையில் மிகுதியாகக் கிடைப்பவை அட்டையில் ஒட்டிய காகிதப் படங்கள். ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரமும் 6.3 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட சிறிய அட்டை கார்ட் தெ விசீட். டிஸ்டேரி என்ற பாரிஸ் புகைப்படக்காரர் 1854ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1860ல் மேயால் என்பவர் விக்டோரியா மகாராணி குடும்பத்தின் படங்களை இந்த அளவில் விற்பனைக்கு வெளியிட்டதும், பிரிட்டனில் வசதியுள்ள வீடுகளெல்லாம் இவற்றைச் சேகரிக்கத் தொடங்கின. ஏறத்தாழ 16.5 சென்டிமீட்டர் உயரமும் 10.8 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பெரிய அட்டை காபினெட் கார்டு. 1866ல் அறிமுகமாகி, முதல் உலகப் போர் வரை புழக்கத்தில் இருந்தது. அதன் பிறகு வருபவை அஞ்சலட்டை வடிவப் படங்களும், வீட்டுக் கேமராவில் எடுத்த சிறிய படங்களும். கோடக் நிறுவனம் 1900ல் வெளியிட்ட பிரௌனி கேமரா பிரிட்டனில் ஐந்து ஷில்லிங்குக்கு விற்றது. ஸ்டூடியோவுக்குப் போகாத மனிதர்களும், ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோக முடியாத வீட்டுத் தோட்டங்களும் சமையலறைகளும் அதற்குப் பிறகே படங்களில் பெருமளவில் இடம்பெறுகின்றன.

படம் எடுத்த காலத்தை எப்படிக் கணிப்பது?

படத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பு அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கார்ட் தெ விசீட்டில் மெல்லிய அட்டை, சதுர மூலைகள், பின்புறத்தில் ஸ்டூடியோவின் பெயர் மட்டும் எளிமையாக அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1860கள். மூலைகள் வட்டமாகி, அட்டை தடித்து, பின்புறம் முழுவதும் பூவேலையும் பதக்கச் சின்னங்களும் நிறைந்திருந்தால் 1870களின் பிற்பகுதியோ 1880களோ. கறுப்பு, கரும்பச்சை நிற அட்டைகளும் பொன்முலாம் பூசிய சரிவான விளிம்புகளும் 1880கள், 1890களுக்கு உரியவை. ஸ்டூடியோவின் முகவரி அட்டையில் இருந்தால் அதுவே வலுவான சான்று: லெஸ்டர் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய வணிக விவரப் புத்தகங்களில், அந்தப் பெயரில் அந்தத் தெருவில் எந்த ஆண்டுகளில் ஸ்டூடியோ இயங்கியது என்று தேடிப் பார்க்கலாம்.

உடையைக் கொண்டும் கணிக்கலாம். மணி வடிவில் விரிந்த பாவாடை 1860களையும், தோளில் பெரிதாக உப்பி முழங்கைக்குக் கீழே ஒடுங்கும் கைகள் 1890களின் நடுப்பகுதியையும் காட்டும். ஆனால் உடையை மட்டும் நம்பக் கூடாது. வயதானவர்கள் தங்கள் இளமைக்கால உடைப் பழக்கத்தையே தொடர்ந்தார்கள். ஏழைகள் பிறர் கொடுத்ததை உடுத்தினார்கள். படத்தில் இளம்பெண் ஒருத்தி இருந்தால் அவளுடைய உடையையும் தலை அலங்காரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

அஞ்சலட்டை வடிவப் படம் என்றால் வேலை எளிது. பிரிட்டனில் 1902 முதல்தான் அட்டையின் பின்புறம் முகவரிக்கும் செய்திக்குமாக இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஆகவே பின்புறம் பிரிக்கப்பட்ட பிரிட்டிஷ் அட்டை அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அஞ்சலட்டைக் கட்டணம் 1918 ஜூனில் அரைப் பென்னியிலிருந்து ஒரு பென்னியாக உயர்ந்தது. எழுதப்படாத அட்டையிலும் அஞ்சல்தலை ஒட்டும் கட்டத்தில் ‘அரைப் பென்னி’ என்று அச்சிட்டிருந்தால் அட்டை அதற்கு முன்பு அச்சானது என்று கொள்ளலாம்.

சீருடை அணிந்தவர்களின் படங்களிலிருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும்?

முதல் உலகப் போர்க் காலத்து வீரர்களின் அஞ்சலட்டைப் படங்கள் கார் பூட் சேல்களில் இன்றும் ஏராளம். போருக்குப் புறப்படும் முன் ஒரு படம் எடுத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது அன்றைய வழக்கம். அப்படிப் போனவர்களில் திரும்பி வராதவர்கள் பலர். எனவே இவற்றைக் கையிலெடுக்கும்போது சற்று நிதானமாகப் பாருங்கள். தொப்பிச் சின்னத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் எந்தப் படைப்பிரிவு என்பது தெரியும். இடது முன்கையில் செங்குத்தாகத் தைத்த சிறு பொன்னிறப் பட்டை, அவர் காயம்பட்டவர் என்பதைக் காட்டும். அது 1916ல்தான் அறிமுகமானது. வலது முன்கையில் சிறிய கோணக் கோடுகள் இருந்தால் அவை கடல்கடந்த சேவை ஆண்டுகளைக் குறிப்பவை. படம் 1918க்கு முந்தியதல்ல. வெளிறிய தளர்ந்த உடை, வெள்ளைச் சட்டை, கறுத்த டை அணிந்து செவிலியர்களோடு நிற்பவர்கள் மருத்துவமனையில் தேறிவருபவர்கள். உண்மையில் அந்த உடை நீலம், டை சிவப்பு. அந்தக் காலப் படச்சுருளும் தகடும் நீலத்தை வெளிறவும் சிவப்பைக் கறுக்கவும் காட்டின.

பெயர் எழுதியிருந்தாலும் ஆளைக் கண்டுபிடிப்பது எப்போதும் கைகூடாது. முதல் உலகப் போர் வீரர்களின் சேவைப் பதிவேடுகளில் பெரும்பகுதி 1940 செப்டம்பரில் லண்டன் மீது விழுந்த குண்டுகளில் எரிந்துபோயிற்று. அதனால்தான் படத்தின் பின்னால் பென்சிலில் எழுதிய ஒரு வரிக்குக்கூட அவ்வளவு மதிப்பு.

தமிழ்நாடு, இலங்கை தொடர்பான படங்கள் கிடைக்குமா?

கிடைக்கும். மதராஸ் மாகாணத்திலும் இலங்கையிலும் அதிகாரிகளாகவும் தோட்ட முதலாளிகளாகவும் மதபோதகர்களாகவும் இருந்துவிட்டு ஊர் திரும்பிய குடும்பங்களின் ஆல்பங்கள், மூன்று நான்கு தலைமுறைக்குப் பிறகு வீடு காலியாகும்போது வெளியே வருகின்றன. மதராஸிலும் ஊட்டியிலும் இயங்கிய நிக்கலஸ், மதராஸின் வீலே அண்ட் கிளைன், கொழும்பின் ஸ்கீன், ஸ்கோவன், 1890ல் தொடங்கிய பிளாத்தே ஆகிய ஸ்டூடியோக்களின் பெயர் அட்டையிலோ படத்தின் கீழ்மூலையிலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்ட மதராஸ் காட்சி அஞ்சலட்டைகளும் கலந்து கிடைக்கும். 1914 இறுதி முதல் 1916 தொடக்கம் வரை பிரைட்டனின் ராயல் பெவிலியன் மாளிகை காயமடைந்த இந்தியச் சிப்பாய்களுக்கான மருத்துவமனையாக இருந்தபோது அச்சிட்ட அஞ்சலட்டைகளும் இங்கே காணக்கிடைப்பவை.

இவற்றில் மனத்தை உறுத்தும் ஒன்று உண்டு. துரையின் பெயரும் அவருடைய குதிரையின் பெயரும் நாயின் பெயரும் ஆல்பத்தில் தெளிவாக எழுதியிருக்கும். பக்கத்தில் நிற்கும் சமையற்காரர், ஆயா, தோட்டக்காரர், கொழுந்து பறிக்கும் பெண்கள் ஆகியோருக்குப் பெயர் இருக்காது. ஸ்டூடியோக்கள் விற்ற படங்களிலோ ‘தமிழ்ப் பெண்’, ‘தமிழ்க் கூலி’ என்பதற்கு மேல் தலைப்பு இல்லை. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தலைமுறைகளுக்குச் சொந்தமாகப் படம் எடுத்துக்கொள்ளும் வசதி ஏது? அவர்களுடைய முகங்கள் எஞ்சியிருப்பதே இந்த ஆல்பங்களில்தான். தோட்டத்தின் பெயரோ ஆண்டோ ஆல்பத்தில் எழுதியிருந்தால், அதைப் படத்தோடு சேர்த்துக் காப்பது நம்மவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை என்று கருதுகிறேன். தமிழ் படிக்கத் தெரிந்தவர் இந்தச் சந்தைகளுக்குப் போவதில் இன்னொரு நன்மையும் உண்டு: படத்தின் பின்னால் தமிழில் எழுதிய ஒரு பெயர், ஒரு கடைப் பலகை, ஒரு கோயில் வாசல் எழுத்து ஆகியவற்றை அந்தச் சந்தையில் வேறு யாராலும் வாசிக்க முடியாது.

மறுபதிப்பை எப்படிக் கண்டறிவது?

உருப்பெருக்கியில் பாருங்கள். ஒழுங்கான புள்ளிகளின் வரிசை தெரிந்தால் அது அச்சகத்தில் அச்சிட்டது, புகைப்படம் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முட்டைவெண்கருப் பூச்சுக் காகிதப் படத்தில் புள்ளிகள் இருக்காது. வெளிர்ப்பகுதிகள் மஞ்சளாகி, காகித இழைகள் தெரியும். இருபதாம் நூற்றாண்டு ஜெலட்டின் படங்களில் விளிம்பை ஒட்டிய கரும்பகுதிகளில் வெள்ளிபோல் ஒரு மினுக்கம் ஏறியிருந்தால் அது வயதின் அடையாளம்.

அதைவிட ஆபத்தானது, உண்மையான பழைய படத்தில் இருப்பவர் புகழ்பெற்ற ஒருவர் என்று நம்பிவிடுவது. கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் 2000ம் ஆண்டில் ஒருவர் வீட்டு வாசல் விற்பனையில் 45 டாலருக்கு வாங்கிய கண்ணாடி நெகட்டிவ்கள் புகழ்பெற்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் அன்செல் ஆடம்ஸ் எடுத்தவை என்றும், அவற்றின் மதிப்பு 20 கோடி டாலர் என்றும் 2010ல் அறிவிக்கப்பட்டது. ஆடம்ஸின் குடும்பத்தார் அதை ஏற்கவில்லை, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. சாயல் ஒருபோதும் சான்றாகாது.

என்ன விலை கொடுக்கலாம்? பேரம் பேசலாமா?

பேரம் பேசுவது எதிர்பார்க்கப்படும் ஒன்றே. சிரித்த முகத்தோடு, “கடைசி விலை என்ன” என்று ஒருமுறை கேட்டால் போதும். ஒரு பவுண்டு கேட்பவரிடம் இருபது பென்ஸ் என்று சொல்வது அநாகரிகம். சாதாரண ஸ்டூடியோ உருவப்படங்கள் எண்ணிக்கையில் மிக அதிகம் என்பதால் விலை குறைவு. தொழிலாளிகள் கருவிகளோடு நிற்பது, கடை முகப்பு, தெருக் காட்சி, பெயரும் ஊரும் எழுதியது ஆகியவற்றுக்கு வியாபாரிகளும் அதிகம் கொடுப்பார்கள். என் பார்வையில், பெயர் எழுதிய மங்கிய படம் பெயரில்லாத அழகிய படத்தைவிட மேலானது.

ஆல்பம் முழுவதும் வேண்டியதில்லை, சில படங்களை மட்டும் பிரித்து வாங்கலாமா?

விற்பவர் சம்மதிப்பார், நீங்கள் செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டென்றால் இதுதான். ஆல்பத்தின் மூன்றாம் பக்கத்தில் ‘அத்தை, 1911’ என்று எழுதியிருக்கிறது. பதினைந்தாம் பக்கத்தில் அதே பெண் ஒரு வீட்டு வாசலில் நிற்கிறாள், வீட்டின் எண் தெரிகிறது. இருபதாம் பக்கத்தில் அந்த வாசலில் ஒரு வீரர் நிற்கிறார். மூன்றும் சேர்ந்திருக்கும்வரை ஒரு தெருவையும் ஒரு குடும்பத்தையும் தேடிப்போக வழி இருக்கிறது. வீரரின் படத்தை மட்டும் உருவி எடுத்தால், அவர் யாரோ ஒருவர். மற்ற இரண்டும் யாரோ ஒரு பெண். நல்ல விலை போகும் என்பதற்காக வியாபாரிகள் ஆல்பங்களைக் கிழித்துத் தனித்தனியாக விற்பது நாள்தோறும் நடக்கிறது. அதனால் அழிவதை எந்த ஆய்வாளராலும் பின்னர் ஒட்டவைக்க முடியாது.

முழு ஆல்பத்தை வாங்கப் பணம் போதவில்லையென்றால், விற்பவரின் அனுமதியோடு எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் வரிசையாகப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பிரித்துப்போட்ட படங்கள் என்றால், அதே பெட்டியில் ஒரே கையெழுத்து, ஒரே ஸ்டூடியோ, ஒரே பசைத் தடம் உள்ளவற்றை ஒன்றாகப் பொறுக்கி வாங்குங்கள். வாங்கியவுடன் சந்தையின் பெயர், தேதி, வீடு எந்த ஊரில் காலியானது என்று விற்பவர் சொன்னது ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். “இது எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது” என்று கேட்டால் ஊர்ப் பெயரையாவது பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள்.

படங்களைத் தவிர வேறெதைக் கவனிக்கலாம்?

வெள்ளிப் பொருளில் நடக்கும் சிங்கத்தின் சிறு முத்திரை இருந்தால் அது 92.5 சதவீத வெள்ளி. பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன். ‘ஈ.பி.என்.எஸ்.’ என்ற எழுத்துகள் வெள்ளி முலாம் பூசியதை மட்டுமே குறிக்கும். பீங்கானின் அடியில் ‘இங்கிலாந்து’ என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும், அமெரிக்க இறக்குமதிச் சட்டம் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கிய 1891க்குப் பிந்தியது. சாய்சதுரக் குறி இருந்தால் அதன் வடிவமைப்பு 1842க்கும் 1883க்கும் இடையில் பதிவானது.

முதல் உலகப் போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு அனுப்பிய, 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள வெண்கல நினைவுத் தகடும் சில சமயம் வரும். அதில் இறந்தவரின் பதவி இருக்காது. அனைவரும் சமம் என்பதால் பெயர் மட்டுமே பொறித்தார்கள். அதோடு படமோ கடிதமோ இருந்தால் சேர்த்தே வாங்குங்கள்.

புதையல் கதைகளில் உண்மையானதும் உண்டு. 1980களில் லண்டனில் ஒரு கார் பூட் சேலில் பத்து பவுண்டுக்கு வாங்கி, போலிக் கல் என்று நினைத்துப் பல ஆண்டுகள் அன்றாடம் அணிந்த மோதிரத்தில் இருந்தது 26.27 காரட் வைரம் என்று பின்னர் தெரிந்தது. 2017 ஜூனில் சாதபீஸ் ஏலத்தில் அது 6,56,750 பவுண்டுக்குப் போனது. ஆனால் அதை எதிர்பார்த்து யாரும் போகக் கூடாது.

சட்டப்படி கவனிக்க வேண்டியவை உண்டா?

வெளிப்படையான சந்தையில், பகல் வெளிச்சத்தில், நல்லெண்ணத்தோடு வாங்கிய பொருள் திருட்டுப் பொருளாக இருந்தாலும் வாங்கியவருக்கே சொந்தம் என்ற பழைய விதி இங்கிலாந்தில் இருந்தது. 1995 ஜனவரியில் அது நீக்கப்பட்டது. இப்போது திருட்டுப் பொருளை வாங்கினால் உரிமையாளர் கேட்கும்போது கொடுத்தாக வேண்டும். யானைத் தந்தத்தால் ஆனவற்றை வாங்குவதும் விற்பதும், 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பதிவோ சான்றிதழோ பெற்ற சில விலக்குகளைத் தவிரக் குற்றம். தந்தத் தகட்டில் தீட்டிய சிறு உருவப்படங்களைப் பார்த்தால் ஒதுங்கிவிடுவது நல்லது.

நெகட்டிவ், கண்ணாடித் தகடு, படச்சுருள் உள்ள கேமரா ஆகியவற்றை வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம்; மூலமே அவைதான். கண்ணாடித் தகடுகளை அடுக்காமல், ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றிச் செங்குத்தாக நிறுத்தி எடுத்துச் செல்லுங்கள். 1950களின் தொடக்கம் வரையிலான படச்சுருள்களில் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையும் இருக்கக்கூடும். விளிம்பில் ‘சேஃப்டி’ என்று எழுதியிருந்தால் கவலையில்லை. எழுதியிராமல், பழுப்பேறிப் பிசுபிசுத்து நெடி வீசினால் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். புளித்த காடி வாசனை வந்தால் அது அசிட்டேட் என்ற வேறு வகைச் சுருளின் சிதைவு. தீ ஆபத்து இல்லை, ஆனால் விரைவில் ஸ்கேன் செய்ய வேண்டும். பழைய கேமராவில் சுருள் இருப்பதாகத் தோன்றினால் பின்மூடியைத் திறக்காமலே வாங்கி, பழைய சுருள்களைக் கழுவித் தரும் நிலையத்துக்கு அனுப்புங்கள். நாற்பது ஐம்பது ஆண்டுகளாக யாரும் பார்த்திராத முகங்கள் அதில் இருக்கலாம்.

வீட்டில் எப்படிப் பாதுகாப்பது?

அமிலமற்ற காகித உறையிலோ பாலியெஸ்டர் உறையிலோ வைத்து, பரணிலும் நிலவறையிலும் வைக்காமல், நாம் வசிக்கும் அறையிலேயே வையுங்கள். பி.வி.சி. உறை வேண்டாம், ஒட்டும் நாடா வேண்டவே வேண்டாம். எழுத நேர்ந்தால் பின்புறத்தில், ஓரத்தில், மெல்லிய பென்சிலால் மட்டுமே எழுத வேண்டும். பால்பாயின்ட் மை மறுபக்கம் ஊறும். சிறிய அட்டைப் படங்களை 600 டி.பி.ஐ. அளவில் முன்னும் பின்னும் ஸ்கேன் செய்யுங்கள். எழுத்தில்லாத பின்புறத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டும்.

வாங்கிய படத்தை வெளியிடும் உரிமை எனக்கு வந்துவிடுமா?

வராது. காகிதம் உங்களுடையது, பதிப்புரிமை பொதுவாக எடுத்தவருடையது, அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை அவருடைய வாரிசுகளுடையது. விக்டோரியா காலப் படங்களில் இது பெரும்பாலும் முடிந்துபோன விஷயம். இருபதாம் நூற்றாண்டுப் படத்தைப் புத்தகத்தில் சேர்க்க விரும்பி உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், பிரிட்டனின் அறிவுசார் சொத்துரிமை அலுவலகம் 2014 முதல் இதற்கென அனுமதி வழங்கிவருகிறது.

குடும்பத்தைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்க முடியுமா? முடியாவிட்டால் எங்கே ஒப்படைப்பது?

பெயர், ஊர், தோராயமான ஆண்டு ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் முயன்று பார்க்கலாம். 1911, 1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளும் போர் தொடங்கியபோது எடுத்த 1939 மக்கள் பதிவேடும் இணையத்தில் தேடக் கிடைக்கின்றன. 1931 கணக்கெடுப்பு 1942ல் தீக்கிரையானதால் அந்த இடைவெளி நிரம்பாது. குடும்ப மரம் தொகுக்கும் தளங்களில் அதே பெயர்கள் ஒரே குடும்பமாக வந்தால், தொகுத்தவருக்கு ஸ்கேனை அனுப்பிக் கேளுங்கள். அவர் ஆவலோடு பதிலளித்தால் மூலத்தைக் கொடுங்கள். பதிலே வராவிட்டால் விட்டுவிடுங்கள், எல்லாக் குடும்பங்களும் பழையதை நினைக்க விரும்புவதில்லை.

குடும்பம் கிடைக்காத உள்ளூர்ப் படங்களை அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகத்திடம் கேட்டுப் பார்க்கலாம். இந்தியா, இலங்கை ஆல்பங்களுக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையம் பொருத்தமானது. துணைக்கண்டத்தில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்களின் படங்களையும் வீட்டில் எடுத்த திரைப்படச் சுருள்களையும் அது பல ஆண்டுகளாகச் சேர்த்துவருகிறது. எங்கே கொடுத்தாலும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு, ஆல்பத்தைப் பிரிக்காமல், சந்தையில் எழுதிய குறிப்பின் நகலையும் உள்ளே வைத்து நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.